தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போஸ்டிங் வந்தால்

ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், விஏஓ, வங்கி கிளார்க், மின்வாரிய ஊழியர் என்று யாராக இருந்தாலும், தமிழ்நாட்டின் வடக்கு ஓரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்து உரிகம், கோட்டையூர், தக்கட்டி, நாட்றாம்பாளையம், பெட்டமுகிலாளம் மாதிரி ஒரு ஊருக்கு ஆர்டர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஓசூர்ல வீடு எடுத்துட்டு தினம் போய்ட்டு வந்துடலாமா?"

வரலாம். ஆறு மாதம் வரலாம். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை ஏறக்குறைய 25 கிலோமீட்டர், அங்கிருந்து அஞ்செட்டி இன்னொரு 25க்கு மேல். போக வர தினம் 100 கிலோமீட்டர் தாண்டும். பைக்கில் போனால் நாளைக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல், கிட்டத்தட்ட நாலு மணி நேரம் சாலையில். அதில் காலையும் மாலையும் யானை நடமாடும் நேரத்திலேயே காட்டைக் கடக்க வேண்டியிருக்கும். அதனால் நடைமுறையில் நிற்கிற வழி இரண்டுதான். ஒன்று, தேன்கனிக்கோட்டையிலோ அஞ்செட்டியிலோ வீடெடுத்து அங்கிருந்து போவது. இரண்டு, வேலை செய்கிற ஊரிலேயே குடியேறுவது. பள்ளிக்கூடக் குழந்தைகள் இருந்தால் முதலாவது. தனி ஆளாகவோ, கைக்குழந்தையுடனோ இருந்தால் இரண்டாவதைத் தாராளமாக யோசிக்கலாம். வாடகை கொஞ்சம்தான், செலவுக்கு வழியே இல்லை, சம்பளத்தில் பெரும்பகுதி மிஞ்சும். அடுத்த இடமாறுதல் கவுன்சலிங் வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று வந்து, வருஷக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் இங்கே நிறைய உண்டு.

முதல் வருஷத்தில் ஆளை ஓட வைப்பது தொலைவும் தனிமையும் என்றுதான் வெளியே பேச்சு. பெரும்பாலும் காரணம் தப்பான வீடும், சோதிக்காமல் குடித்த தண்ணீரும். அந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் பழகிவிடும். தருமபுரி பக்கம் வத்தல்மலை, சித்தேரிக்குப் போகிறவர்களுக்கும் யானை விஷயம் தவிர மீதி பொருந்தும்.

வீடு

வீடு பார்க்கக் காலையில் போகாதீர்கள். சாயங்காலம் 5 மணிக்குப் போய் இருட்டும்வரை இருந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வீட்டுக்குள் சிக்னல் நிற்கிறதா, மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, கடைசி பஸ் நிஜமாகவே வருகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பஸ் அட்டவணையை நம்ப வேண்டாம். மழை பெய்தால் எந்த இடத்தோடு வண்டி திரும்பிவிடும் என்று டீக்கடையில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று, கழிப்பறை வீட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். கொல்லையில் பத்தடி தள்ளி இருந்தால்கூட வேண்டாம். ராத்திரி வெளியே இறங்குவதில்தான் பாம்பும், யானை, காட்டுப்பன்றியும் எதிர்ப்படும். வாடகையில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது கழிப்பறை உள்ளே இருக்கிற வீட்டையே பிடியுங்கள்.

கூரை அடுத்தது. தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் உயரம் சுமார் 3000 அடி. மார்கழி, தையில் சில இரவுகள் 12 டிகிரிக்கும் கீழே போகும். அஞ்செட்டிக்குச் சாலை இறங்கித்தான் போகும் என்பதால் அங்கே குளிர் குறைவு, ஆனால் சித்திரை வெயில் அதிகம். நாட்டு ஓட்டு வீடு வெயிலுக்கு அருமை, குளிருக்கு ஓட்டை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டுக்கும் மோசம். ராத்திரி ஷீட்டின் உள்பக்கம் வியர்த்து விடிகாலையில் படுக்கையின் மேல் சொட்டும். ஷீட் வீடுதான் கிடைத்தது என்றால், அரையடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பிவிசி சீலிங்கோ அடித்துவிடுங்கள், சொட்டுவது நின்றுவிடும். காங்கிரீட் வீட்டில் கிழக்கிலோ தெற்கிலோ ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கு ஜன்னல் இல்லாத அறை தை மாதம் முழுக்க ஈரவாடை அடிக்கும்.

புரட்டாசி, ஐப்பசி மழையில் துணி காயாது, தோல் செருப்பும் பெல்ட்டும் பூசணம் பூக்கும். சர்ட்டிபிகேட், பத்திரம், சர்வீஸ் பேப்பர்களை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வையுங்கள். பீரோ போதாது.

தண்ணீர்

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். பழைய தருமபுரி மாவட்டம் முழுக்க, அதாவது 2004-ல் கிருஷ்ணகிரி பிரிவதற்கு முன்பிருந்த அந்தப் பெரிய மாவட்டத்தில், பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைந்து வருவது அது. அதனால் போர் ஆழமாகப் போகப் போகக் குறையும் என்று எண்ண வேண்டாம், பல இடங்களில் கூடத்தான் செய்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் குழந்தைகளின் பல்லில் தெரியும். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது வரை, சுமார் 8 வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் பின்னால் பழுப்புக் கோடாக வெளியே வரும். வந்தபின் தேய்த்தால் போகாது. பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் பிடிக்கும்.

இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீர் வரும் குழாய் உங்கள் தெருவில் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். ஆனால் மலைக் குக்கிராமங்களில் இரண்டு விஷயம் நடக்கும். மேடு என்பதால் தண்ணீர் ஏறாத நாட்கள் வரும். அந்த நாட்களில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள். குழாயும் ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. தொட்டி ஆபரேட்டரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு ஆத்துத் தண்ணியா, போரா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். ஊரில் பஞ்சாயத்துத் தலைவருக்கு அடுத்து தெரிந்திருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

குடிவந்த முதல் வாரத்திலேயே தண்ணீரைச் சோதியுங்கள். மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் உண்டு, கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். 2 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் கொண்டுபோங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினைபுரிந்து அளவு மாறும். போரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். கோடைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை சோதித்தால் வருஷப்போக்கு தெரியும்.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் அடுத்தது. காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சம் இன்னும் கெட்டியாகும். மெழுகுவத்தி பில்டர், யூவி பில்டர் எதுவும் பிடிக்காது. ஆர்ஓ பிடிக்கும். ஆனால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும், உப்பு அதிகமான போர் தண்ணீரில் மெம்பரேன் சீக்கிரம் அடைக்கும், கரண்ட் இல்லாத நாளில் சும்மா நிற்கும். மலைமேல் சர்வீஸ் ஆள் வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். பில்டர் செட் ஒன்றை வாங்கி வைத்து, மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பேனர் போதும்.

இதையெல்லாம்விட மலிவானது மழைத் தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 சதுர மீட்டர் காங்கிரீட் மாடி, வருஷ மழை 800 மில்லிமீட்டர், அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 32,000 லிட்டர் இறங்கும். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 32 லிட்டர் போதும். தை முதல் சித்திரை வரை மழை இல்லாத நாலு மாதத்துக்கு 3,840 லிட்டர். ஆக 5,000 லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்று இருந்தால் வருஷம் முழுக்கக் குடிதண்ணீர் கவலை இல்லை. ஒவ்வொரு மழையிலும் முதல் 50 முதல் 100 லிட்டரைக் கீழே விட்டுவிட வேண்டும். மாடித் தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில்தான் வரும். குழாயில் ஒரு டீயும் (T வடிவ இணைப்பு) வால்வும் போட்டால் அதைச் சுலபமாகச் செய்யலாம். தொட்டி வாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் கொசுவலை கட்டுங்கள். நிரம்பிய 5,000 லிட்டருக்கு 30 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தொட்டியை உங்கள் செலவில் வாங்குங்கள். போகும்போது எடுத்துப் போகலாம், அல்லது அடுத்து வருகிறவருக்கு விற்கலாம்.

மற்ற உபயோகத்துக்கு ஆளுக்கு 55 லிட்டர், நாலு பேருக்கு மூன்று நாள் தாங்க 1,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று வேண்டும். மோட்டார் ரிப்பேர் என்றால் மூன்று நாள் ஆவது இங்கே சாதாரணம்.

கரண்ட், சிக்னல்

காற்றோடு மழை வந்தால் மரக்கிளை கம்பியில் விழும். காட்டுக்குள் லைன் போவதால் எங்கே அறுந்தது என்று தேடவே நேரமாகும். இன்வெர்ட்டரை ஆசைப்பட்டுப் பெரிதாக வாங்காமல் கணக்குப் போட்டு வாங்குங்கள். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், இழப்பு போகக் கையில் 750 வாட் மணி நிற்கும். 9 வாட் பல்ப் மூன்று, ரவுட்டர், கரண்ட் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்று ஓட்டினால் 10 மணி நேரம் தாங்கும். பழைய 75 வாட் ஃபேனைப் போட்டால் ஆறரை மணி நேரத்தில் கூவ ஆரம்பிக்கும். ஃபேனை மாற்றுவது இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட மலிவு. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். அவசரத்துக்குப் போர் தண்ணீரை ஊற்றியவர்களின் பேட்டரி ஒரே வருஷத்தில் எடைக்குப் போகும்.

சித்திரை, வைகாசி இடி இங்கே முரட்டுத்தனமானது. முதல் உறுமலிலேயே டிவி, ஆர்ஓ, ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கி, டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

சிக்னலுக்கு இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் கம்பெனியாக இருக்கட்டும். எல்லையோரத்தில் போன் தானாகக் கர்நாடக டவரைப் பிடித்து, கூப்பிடுகிறவர்களுக்குக் கன்னடத்தில் பதில் சொல்லும், பேச்சும் பாதியில் அறுபடும். செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து மாற்றி, தமிழ்நாட்டு டவரைக் கையால் தேர்ந்தெடுத்தால் சரியாகும். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் இறங்கிவிடும், யூபிஐ நடக்காது. 2,000 ரூபாயைச் சில்லறையாக வீட்டில் எப்போதும் வையுங்கள். கேஸ் இரண்டு சிலிண்டர் இணைப்பாக இருக்கட்டும். ஒன்று தீர்ந்த அன்றே புக் செய்யுங்கள்.

சாலையும் யானையும்

அஞ்செட்டியைச் சுற்றிய காடு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 2014-ல் அறிவித்தார்கள், சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது, அது சுமார் 686. இதனால் குடியிருப்பவருக்கு நேரடியாக வருவது இரண்டு. காட்டுக்குள் போகும் சாலையை அகலப்படுத்த வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் பழுது பார்ப்பது மெதுவாகத்தான் நடக்கும். விறகுக்கோ வேடிக்கைக்கோ காட்டுக்குள் இறங்கினால் வழக்கு. இன்னும் சாலையே எட்டாத இடங்களும் உண்டு. தருமபுரி மாவட்டக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிப் போன படத்தைத் தேர்தல் சமயத்தில் பார்த்திருப்பீர்கள்.

யானை வருஷம் முழுக்க உண்டு. ஆனால் கேழ்வரகு கதிர் பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி மாசி வரைதான் நெருக்கடி. பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் அருகே சானமாவு வரை வரும். அந்த மாதங்களில் வெளியே கிளம்பும் முன், "ஆனை எங்க நிக்குது?" என்று விசாரிப்பது வழக்கமாக வேண்டும். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சேருங்கள், பகுதி வனக்காப்பாளர் எண்ணைப் போனில் பதியுங்கள். விடியும் முன்பும் இருட்டிய பின்பும் பைக் வேண்டாம். அப்படியும் போக வேண்டி வந்தால் பஸ் பின்னாலோ இன்னொரு வண்டியோடோ போங்கள்.

சாலையில் எதிர்ப்பட்டால் 100 மீட்டருக்கு முன்பே நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். பைக்கைத் திருப்பி நிறுத்திக்கொள்வது நல்லது, ஆனால் தூரம் இருக்கும்போதே திருப்ப வேண்டும். கிட்டத்தில் போய்த் திருப்ப முயன்று வண்டி விழுவதுதான் உயிர் போகும் இடம். ஒரு யானை கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். கூட்டம் என்றால் பின்னால் குட்டியோடு இன்னொன்று நிற்கும். பத்து நிமிடம் பொறுங்கள். போனைத் தூக்கிப் படம் பிடிப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது, தானியத்தையும் உப்பையும் திண்ணையில் வைக்காமல் இருப்பது. கேழ்வரகு மூட்டை, பலாப்பழம், மாட்டுக்கு ஊறவைத்த தவிடு, காய்ச்சிய சாராயத்தின் வாடை, எல்லாமே யானையை வீட்டு வாசலுக்கு இழுக்கும். கொல்லையில் நாலு வாழை வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். கத்தரி, மிளகாய், செண்டுமல்லி வையுங்கள். வேலியில் கரண்ட் கம்பி என்ற பேச்சே கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு கள்ளக் கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றன. போட்டவர் கைதானார். இருட்டில் அதே கம்பியில் மனிதரும் சாவார்கள்.

வண்டி விஷயம் சுருக்கமாக. 100 முதல் 125 சிசி, டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், கைப்பம்பு. டேங்க் பாதி ஆனதும் நிரப்புங்கள், பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலை நம்பாதீர்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு எஞ்சினால் பிடியுங்கள். பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காது.

பாம்பும் ஆஸ்பத்திரியும்

யானையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், கட்டுவிரியனைப் பற்றிப் பேச மாட்டார்கள். அது ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கம் இருக்காது, எறும்பு கடித்த மாதிரி புரண்டு படுத்துவிடுவார்கள். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை இறங்குதல், பேச்சுக் குழறல். அதனால் கட்டிலில் படுங்கள், கொசுவலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், வாசல் கதவின் கீழ் இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். வலை கொசுவுக்கும் ஆகும், பாம்புக்கும் ஆகும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த கையைப் போல அசையாமல் கட்டை வைத்துக் கட்டி 108-க்குக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்தை ரத்தக்குழாய் வழியாக, முதலிலேயே 8 முதல் 10 குப்பி ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் குடிவந்ததும் நேரில் போய்க் கேட்க வேண்டியது: மிக அருகில் பாம்புக்கடி மருந்து இருப்பில் உள்ள இடம் எது, ராத்திரி டாக்டர் இருப்பாரா. ஆரம்ப சுகாதார நிலையமா, தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனையா, இல்லை ஓசூர்தானா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆம்புலன்ஸ் மேலே ஏறி வர ஆகும் நேரத்தில் ஊர் ஜீப் பாதி வழி இறங்கிவிடும். ஜீப்பும் 108-ம் நடுவழியில் சந்திக்கிற ஏற்பாட்டை முன்கூட்டியே ஜீப்காரரிடம் பேசி வைப்பது இங்கே வழக்கம். கர்ப்பிணி என்றால் எட்டாவது மாதம் முடிவதற்குள் கீழே இறங்கிவிடுங்கள், விவாதமே வேண்டாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நிலைமை இப்போது பரவாயில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பெயரைப் பதிந்தால் மாத்திரை வீட்டுக்கு வரும். இருந்தாலும் ஒரு மாதக் கூடுதல் இருப்பு கையில் வேண்டும்.

சாப்பாடு

கஷ்டங்களை எழுதி முடித்தால் மிச்சம் எல்லாம் லாபக் கணக்குதான், அதில் பெரியது சாப்பாடு. தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ், கொத்தமல்லி எல்லாம் பறித்த அன்றே கிடைக்கும். ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் விலை சரிந்த வாரத்தில் தோட்டத்திலேயே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கொள்ளும் சாமையும் உள்ளூரிலேயே விளையும். மாசி, பங்குனியில் புது புளி வரும், வருஷத்துக்கு வேண்டியதைக் கொட்டை நீக்கி, கல் உப்பு தூவி மண்பானையில் அழுத்தி வையுங்கள். தருமபுரி மாவட்ட ரேஷனில் 2023 முதல் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கும் வசதியும் உண்டு.

மார்கழி, தையில் பனி இறங்கியதும் அவரை வரும். வாசனையே சொல்லிவிடும். பச்சைக் கொட்டையை உரித்து ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் குதிக்கும். இந்தப் பிதுக்கம்பருப்புக் குழம்புக்குக் களிதான் ஜோடி.

களி வெளியூர்க்காரருக்கு முதல் தடவை வராது. காரணம் அவசரம். நாலு பேருக்கு அரை டம்ளர் நொய்யை நாலரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். உப்பு போட்டு, கொதிக்கும்போது இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறாதீர்கள். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி போட்டு, மூடி, சிறுதீயில் பத்து நிமிடம் விடுங்கள். குழி வழியாகக் கொதி ஏறி மாவு ஆவியில் வெந்துவிடும். மாவைப் போட்டதும் கிளறினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாகக் கட்டி நிற்கும், அதுதான் பல்லில் ஒட்டுவது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறுகப் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிளறுங்கள். ஈரவிரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். நனைத்த கிண்ணத்தில் போட்டு உருட்டுங்கள். மிஞ்சினால் தண்ணீரில் போட்டு வையுங்கள், மறுநாள் மோர் விட்டுக் கரைத்தால் கூழ்.

மனிதர்கள்

தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். தமிழ் மட்டும் தெரிந்தாலும் எந்தக் காரியமும் நிற்காது. ஆனால் கன்னடத்தில் "ஊட்டா ஆயித்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கேட்டால் பாட்டியின் முகம் மலரும். வயதானவரை ஐயா, அம்மா என்றும், சம வயதை அண்ணா, அக்கா என்றும் கூப்பிடுங்கள். இருளர் குடியிருப்புகளில் புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள். தை, மாசியில் எருது விடும் விழா நடக்கும் நாளில் அந்த ஊர் வழியாகப் போகும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், சாலை கிடைக்காது. பண்டிகை வரி கேட்டு வந்தால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஜீப் தேவைப்படும் ராத்திரியில் வருவது அந்த இளைஞர்கள்தான்.

குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கவலை இல்லை. வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மேல்நிலைக்குப் பாடப்பிரிவு எந்தப் பள்ளியில் உண்டு, பஸ் நேரம் ஒத்துவருமா என்று பத்தாம் வகுப்புக்கு ஒரு வருஷம் முன்பே பாருங்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு ஊரில் வேலை என்றால், பிள்ளைகள் தேன்கனிக்கோட்டையில் இருப்பதே நல்லது. மலைப்படி, குளிர்காலப்படி உங்கள் ஊருக்கு உண்டா என்பதைச் சேர்ந்த மாதமே சம்பளம் போடும் கிளார்க்கிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். கேட்காதவருக்கு அது தானாக வருவதில்லை.

சாமான் ஏற்றிவர நல்ல காலம் பங்குனி முதல் வைகாசி வரை. சாலை காய்ந்திருக்கும், யானைக் கூட்டம் பெரும்பாலும் திரும்பியிருக்கும். பெரிய லாரி கொண்டை ஊசி வளைவில் திணறும், தாழ்ந்த கம்பியிலும் உரசும். சின்ன வண்டியில் இரண்டு நடையாக வருவது மேல். மதியம் 2 மணிக்குள் ஊர் வந்து சேருகிற மாதிரி கிளம்புங்கள், இறக்கி முடித்து டிரைவரும் வெளிச்சத்திலேயே காட்டைத் தாண்ட வேண்டும். முதல் நடையில் தண்ணீர்த் தொட்டி, கட்டில், கொசுவலை, இன்வெர்ட்டர். சோபா இரண்டாவது நடைக்கு. பாதிப் பேருக்கு அது தேவையே படுவதில்லை.